வௌவால் உறிஞ்சுவதில்லை

வியாழன், காலை 7.30

ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். பேருந்துக் கட்டணம், மூத்தோர்க்கான கழிவு போக, நாற்பத்தொன்பது டொலர். ஆறரை மணி நேரப் பயணம். கைப்பையில் மாற்றுடை இரண்டு, முழங்காலுக்குத் தைலம், சிவப்பு மைப் பேனை ஒன்று, மடித்த தாள் ஒன்று. அத்தாளில் பதினொரு வரித் தமிழ். அதன் ஏழாம் வரியில் நிற்கும் ஒரு வினைச்சொல்லைக் காப்பதற்காகவே எழுபத்து நான்காம் அகவையில் தனியே புறப்பட்டேன். தொலைபேசியிலேயே பேசித் தீர்த்திருக்கலாம் என்றனர் வீட்டார். தொலைபேசியில் எவரும் எதனையும் விட்டுக்கொடுப்பதில்லை; இணைப்பைத் துண்டிப்பர், அவ்வளவே.

செய்தி இதுதான். மொன்றியலின் கிழக்கில், துறைமுகத்தை ஒட்டிய பழைய பண்டகசாலை ஒன்றில் சிறியதொரு விலங்குக் காட்சியகம் இருக்கிறது. அங்கே ஓர் அறையில் குருதியுண்ணும் வௌவால்கள் இருபத்திரண்டு வாழ்கின்றன. அவற்றைப் பராமரிப்பவள் நிரஞ்சனா. என்னுடன் கற்பித்த நண்பியின் மகள், நாற்பத்தாறு வயதினள். அவ்வறையின் வாயிலில் பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டோடு தமிழிலும் விளக்கப் பலகை நிற்க வேண்டும் என்று ஐந்தாண்டுகள் மன்றாடி, இப்போதுதான் இசைவு பெற்றாள். காட்சியகம் ஒரு நிபந்தனை விதித்தது. தமிழ்ப் பாடத்தின் அடியில் இருவர் கையொப்பமிட வேண்டும்: ஒருவர் துறை அறிந்தவர், மற்றவர் அங்குள்ள தமிழ் மன்றம் ஒன்றின் தலைவர். வெள்ளி மாலை நான்கு மணிக்குள் இரு கையொப்பமும் ஒரே தாளில் சேராவிடில், பலகை தமிழின்றியே அச்சேறும்.

துறை அறிந்தவர் என்று அவள் குறித்தது என்னை. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு முப்பத்தோராண்டு விலங்கியல் கற்பித்தவள் நான். பதினொரு வரியை எழுதி அனுப்பினேன். தலைப்பில் 'இரத்தக் காட்டேரி' என்ற சொல் வேண்டும், ஆட்கள் வருவார்கள் என்று மன்றத்தார் முதலில் கேட்டனர். மறுத்தேன், 'குருதியுண் வௌவால்' நிலைத்தது. பின்னர் பத்து வரிகளை அவர்கள் ஏற்றனர். ஏழாம் வரியில் நான் எழுதியிருந்தது: 'கூரிய வெட்டும்பற்களால் தோலைச் சிறிதே சீவி, ஊறிவரும் குருதியை நாவால் நக்கும்.' தலைவர் 'நக்கும்' என்பதை அடித்து, 'உறிஞ்சும்' என்று மேலே எழுதித் திருப்பியிருந்தார். ஓரத்தில் ஒரு குறிப்பு: 'நாகரிகமான சொல் போடவும்.'

பிறமொழிச் சொல் ஒன்று விடைத்தாளில் தலைகாட்டினால் புள்ளி குறைப்பவள் என்று பெயரெடுத்தவள் நான். என்னிடம் நாகரிகம் கேட்டார்கள். பயணச்சீட்டு வாங்கினேன்.

காலை 10.20, கிங்ஸ்ரன்

இங்கே பேருந்து கால் மணி நேரம் நின்றது. கோப்பி இரண்டு டொலர் நாற்பது சதம். சூடு மட்டுமே உண்டு. பக்கத்து இருக்கையில் மன்னாரைச் சேர்ந்த திரேசம்மா என்னும் அம்மையார். பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குச் செல்கிறார். மடியில் உடையாமல் ஏந்திய கேக்குப் பெட்டி. நான் எங்கே செல்கிறேன் என்று கேட்டார். இரத்தம் உண்ணும் வௌவாலைப் பார்க்க என்றேன். பெட்டியைச் சற்றே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முழுக் கதையையும் கேட்டு முடித்த பின் அவர் சாளரத்துக்கு வெளியே பார்த்தார். இலையுதிர் காலம் முற்றிய நாள்; மரங்களில் எஞ்சிய செம்மை மெல்லக் கழன்றுகொண்டிருந்தது.

"பூனை பாலை உறிஞ்சுது எண்டு ஆரும் சொல்லுவினமே? நக்கிக் குடிக்குது எண்டுதானே சொல்லுறது" என்றார்.

அதையேதான் நானும் சொல்கிறேன் என்றேன்.

"ஆனா அது பூனை, ரீச்சர். பலகையிலை எழுதி மாட்டினா சனம் சிரிக்கும்."

ஒரே மூச்சில் என் வழக்கை நிறுவியும் உடைத்தும் விட்டுக் கண்ணயர்ந்தார். மொன்றியல் வரும் வரை நானே பெட்டியைப் பிடித்திருந்தேன்.

பிற்பகல் 2.05

மொன்றியலின் பேருந்து நிலையத்தின் கீழேயே சுரங்கத் தொடருந்து ஓடுகிறது; ஒரு வழிச் சீட்டு மூன்று டொலர் எழுபத்தைந்து சதம். நான்கு தரிப்பிடம் கடந்து இறங்கி, மேலேறி, நிரஞ்சனா குடியிருக்கும் புரோசார்ட்டுக்குச் செல்லும் புதிய தொடருந்தைப் பிடித்தேன். அதற்கு ஓட்டுநர் இல்லை. முன்வரிசையில் அமர்ந்தால் தண்டவாளம் நேரே கண்ணுக்குள் பாய்ந்து வருகிறது. சென் லோறன்ஸ் ஆற்றைப் பாலத்தின்மேல் கடந்தபோது கீழே நீர் ஈயத்தின் நிறத்தில் கிடந்தது. எதிரிருக்கை மாணவி ஒருத்தி என் சேலையைப் பார்த்து "போன்ஜூர்" என்றாள். நானும் போன்ஜூர் என்றேன். என் பிரெஞ்சு அத்துடன் முடிந்தது.

நிலையத்திலிருந்து நிரஞ்சனாவின் வீடு பத்து நிமிட நடை. இடையில் இருந்த தெப்பனரில், அதாவது இங்கத்தைய முடுக்குக் கடையில், பேய்த் திருநாளுக்காக இறப்பர் வௌவால்களைத் தொங்கவிட்டிருந்தனர். ஒவ்வொன்றுக்கும் நீண்ட வேட்டைப்பல் இரண்டு. பிழை. இவ்வுயிரின் கருவி வேட்டைப்பல் அன்று. முன்னே அமைந்த வெட்டும்பற்கள் இரண்டு. அவற்றில், பற்களை மூடும் கடினப் பூச்சான மிளிரி இல்லை. ஆதலால் விளிம்பு என்றும் கூராகவே இருக்கும். கடைக்காரரிடம் இதனைக் கூறும் பிரெஞ்சு இல்லாமையால் நடந்தேன்.

இரவுணவுக்கு நிரஞ்சனா குரக்கன் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்திருந்தாள். உண்டு முடியும் வரை வௌவாலைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. ஏனென்று பின்னர் விளங்கியது. அவளுடைய தாய் ஊரில் எவரிடமும், மகள் மொன்றியலில் கிளி வளர்க்கும் வேலை பார்க்கிறாள் என்றே சொல்லி வருகிறாராம். கலியாண வீடுகளில் இவளும் கிளி என்றே சொல்லப் பழகிவிட்டாள். காட்சியகத்துக்குத் தமிழ்க் குடும்பங்கள் வருவதுண்டு. வௌவால் அறையின் வாயிலில், 'பேய் வௌவால், வா போவம்' என்று பிள்ளைகளின் கையை இழுத்துச் செல்கின்றனர். ஐந்தாண்டில் ஒருவரேனும் அவளிடம் தமிழில் ஒரு வினா எழுப்பியதில்லை.

"அன்ரி, எனக்குப் பலகை வேணும்" என்றாள். "நீங்கள் ஒரு சொல்லுக்காண்டி அதை விட்டிடாதேங்கோ."

விடுவதாயின் ஆறரை மணி நேரம் பேருந்தில் இருந்திருக்கமாட்டேன் என்றேன். அது அவள் கேட்டதற்கு விடை அன்று என்பது எனக்கும் தெரியும்.

படுக்கப் போகையில் மற்றொரு செய்தியையும் சொன்னாள். மன்றத் தலைவர் தவராசா என் மாணவராம்.

வெள்ளி, காலை 10.40

புரோசார்ட்டிலிருந்து கிழக்கே சென்று, ஆற்றின் அடியில் அமைந்த சுரங்கப் பாதையால் மறுகரை சேர்ந்தோம். வெளிவந்ததும் துறைமுகம். கொள்கலன்கள் அடுக்கடுக்காய் நிற்கின்றன. அவற்றினிடையே பாரவூர்திகள் வரிசை கட்டுகின்றன. அவற்றுள் நான்கு தவராசாவினுடையவை என்றாள் நிரஞ்சனா.

வௌவால் அறையில் இரவும் பகலும் தலைகீழ். நகரம் துயிலும்போது அங்கே விளக்கெரியும். பகலில் மங்கிய செவ்வொளி. முதற் பத்து நிமிடம் எதுவும் தெரியாது. கண் பழகப் பழக, கூரையில் கொத்தாய்த் தொங்குவன வௌவால்கள் எனத் தெளிகிறது. என் உள்ளங்கைக்குள் அடங்கும் உடல். தட்டையான மூக்கு. அம்மூக்கில் வெப்பம் உணரும் குழிகள் உள்ளன. உறங்கும் மாட்டின் தோலின்கீழ் எங்கே குருதி நெருங்கி ஓடுகிறது என்பதை அவை கண்டுகொள்ளும்.

ஒன்று கீழிறங்கியது. பறந்து அல்ல, நடந்து. நான் முப்பத்தோராண்டு கரும்பலகையில் வரைந்து காட்டிய விலங்கு என் முன்னே முதன்முறையாக நடந்தது. மடித்த சிறகுகளின் பெருவிரல்களை ஊன்றி, முன்னுடலைத் தூக்கி, நாற்கால் விலங்கு போல் ஓடி, பின்னர் எங்கிருந்தோ விசை பெற்றுச் செங்குத்தாய்த் துள்ளியது. உலகின் வௌவால் இனங்களில் குருதியை மட்டுமே உண்பன மூன்றே. மூன்றும் மெக்சிக்கோவுக்கும் ஆர்ஜென்ரீனாவுக்கும் இடைப்பட்ட நிலத்துக்குரியவை. கனடாவின் காட்டு வௌவால்கள் பூச்சியுண்ணிகள். எமது ஊரின் வௌவால்களோ பழத்தையும் பூச்சியையும் தின்பவை. ஆயினும் இப்பெயரைக் கேட்டால் நாம் எல்லோரும் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறோம்.

காட்சியகத்தின் இயக்குநர் ஓர் அம்மையார், இவ்வூர்ப் பிரெஞ்சுக்காரர். எங்கள் பிணக்கின் பொருளை நிரஞ்சனா வாயிலாகக் கேட்டார். விலங்கு நாவால் நீரள்ளிப் பருகுவதற்குப் பிரெஞ்சில் தனிவினை உண்டாம். அதனைச் சொல்ல எவரும் நாணுவதில்லையாம். எமக்கு ஒரே சொல். நாய் இலையை நக்கும், பூனை பாலை நக்கும், பிறரை அண்டிப் பிழைப்பவனையும் நக்கித் திரிகிறான் என்போம். ஒரு சொல்லின்மேல் அத்தனை பாரத்தையும் ஏற்றிவிட்டு, பின்னர் அச்சொல் அழுக்காகிவிட்டது என்கிறோம்.

பிற்பகல் 1.45

தவராசா வந்தார். ஐம்பத்தாறு வயது, நரைத்த மீசை, கையில் சாவிக்கொத்து. குனிந்து வணங்கினார்.

"ரீச்சர், என்னை ஞாபகம் இருக்கோ?"

"கடைசி வாங்கிலை இருந்து கால் ஆட்டினனீர்."

சிரித்தார். பின்னர் தாளை மேசையில் விரித்து, விரலை ஏழாம் வரியில் வைத்தார். "நான் உங்கடை சொல்லை வெட்டேல்லை, ரீச்சர். உங்கடை சொல்லைத்தான் திருப்பிப் போட்டனான்." கண்ணை மூடி ஒப்பித்தார்: "'குருதியுண்ணும் வௌவால் தன் கூரிய பற்களால் இரையின் தோலைத் துளைத்துக் குருதியை உறிஞ்சும்.' நீங்கள் சொல்லச் சொல்ல எழுதின நோட்ஸ். சோதினையிலை அப்பிடியே எழுதினன். நீங்கள்தான் சரி போட்டனீங்கள்."

ஓரெழுத்தும் பிசகவில்லை. அது என் வாக்கியம்.

வாசகர்க்கும் அவர்க்குச் சொன்னதையே சொல்லிவிடுகிறேன். நான் கற்பிக்கத் தொடங்கிய முதலாண்டில், பாலூட்டிகளின் இசைவாக்கம் என்னும் பாடத்தில், 'நாவால் நக்கும்' என்றே சொல்லி எழுதுவித்தேன். வகுப்பு சிரித்தது. ஆண்பிள்ளைகள் மேசையைத் தட்டினர். பெண்பிள்ளைகள் தலை குனிந்தனர். பக்கத்து அறையிலிருந்து அதிபர் வந்தார். விசாரித்தார். பெண்பிள்ளைகளும் படிக்கிற வகுப்பு, சொல்லை மாற்றுங்கள் என்றார். மறுநாள் மாற்றினேன். 'உறிஞ்சும்' என்பதைக் கேட்டு எவரும் சிரிக்கவில்லை. பொய்யான வாக்கியம் ஒழுக்கமாக அமர்ந்திருந்தது. அதன்பின் முப்பது ஆண்டு அதனையே சொல்லி எழுதுவித்தேன். அதற்கே புள்ளியும் இட்டேன்.

"நான் அண்டைக்குப் பயந்திட்டன், தவராசா. அதாலை வந்த சொல் அது."

அவர் இதனை எதிர்பார்க்கவில்லை. சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். மறுமொழி வந்தபோது குரல் தணிந்திருந்தது.

"ரீச்சர், நாங்கள் இஞ்சை வந்த புதுசிலை எங்களைப் பாத்து, நக்கிப் பிழைக்க வந்ததுகள் எண்டு சொன்ன ஆக்கள் இருக்கினம். வெள்ளைக்காரர் இல்லை. எங்களுக்கு முதல் வந்த எங்கடை ஆக்கள். தமிழிலைதான் சொன்னவை. மன்றத்தின்ரை பேருக்கு மேலை அந்தச் சொல் கிடக்க நான் விடமாட்டன்."

நாகரிகம் என்று அவர் எழுதியதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. அந்நொடியில் விட்டுக்கொடுப்பது எளிது. அதிபரின் முன்னும் எளிதாகவே இருந்தது.

"ரத்தம் உறிஞ்ச வந்ததுகள் எண்டும் சொல்லியிருப்பினமே" என்றேன்.

"அதுவும் சொன்னவைதான்."

"அப்ப ரெண்டும் வசவு. அதிலை ஒண்டு வௌவாலுக்கு உண்மை, மற்றது பொய். நீர் பாத்துப் பாத்துப் பொய்யை எடுத்திருக்கிறீர்."

"ரீச்சர் நக்கல் அடிக்கிறியள்."

"பாரும். அந்தச் சொல் இல்லாமல் உம்மாலை ஒரு நிமிசம் கதைக்க முடியேல்லை."

நிரஞ்சனா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். தவராசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. இரண்டு மணிக்கு உணவு வைக்க வேண்டும், இருவரும் வந்து பாருங்கள் என்று அவள் அழைத்தாள். அவர் நேரத்தைப் பார்த்தார்; வந்தார்.

பிற்பகல் 2.00

இறைச்சிக் கூடத்திலிருந்து வரும் மாட்டுக் குருதி, உறையாதபடி பதப்படுத்தப்பட்டு, விளிம்பு தாழ்ந்த சிறு தட்டங்களில் வைக்கப்படுகிறது. வௌவாலின் உமிழ்நீரும் இயல்பில் இதே தொழிலைச் செய்கிறது. சீவிய இடத்தில் குருதி உறையாது தடுக்கிறது. அதன் உமிழ்நீரைக் கொண்டு மருந்து காண ஆராய்வோரும் உளர். இவ்வினம் விசர்நாய்க் கடியால் வரும் அதே நீர்வெறுப்பு நோயைக் கால்நடைகளுக்குப் பரப்புவதும் உண்மையே. பலகையின் ஒன்பதாம் வரியில் அதனையும் எழுதியிருக்கிறேன். ஓர் உயிரைப் போற்றுவதற்காக அதன் குற்றத்தை மறைக்கும் வழக்கம் எனக்கில்லை.

முதல் வௌவால் தட்டத்தின் விளிம்பில் பெருவிரல்களை ஊன்றியது. தவராசா கண்ணாடியில் நெற்றியை வைத்தார். சிறிய இளஞ்சிவப்பு நா வெளியே வந்தது, போயிற்று, வந்தது. நொடிக்கு மூன்று நான்கு முறை. அந்நாவின் அடியில் இரு ஓரமாக நீளப் பள்ளங்கள் ஓடுகின்றன. குருதி அவற்றின் வழியே மேலேறுகிறது. கன்னம் குழியவில்லை, உதடு குவியவில்லை. உறிஞ்சுதற்குரிய அசைவு ஒன்றேனும் அவ்வாயில் இல்லை. சில நிமிடங்களில் அது சிறுநீர் கழிக்கத் தொடங்கியது. குருதியில் பெரும்பகுதி நீர். அதனை உடனே இறக்காவிடில் உண்ட உடலால் எழும்ப முடியாது.

"சாப்பிடேக்கையே ஒண்டுக்குப் போகுது" என்றார் தவராசா, சற்று முகம் சுளித்து.

"பாரமான லொறி ஓடுறவருக்கு அது விளங்கோணும்" என்றேன்.

அப்போது நிரஞ்சனா சிறு கூடொன்றைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே மஞ்சள் வளையம் அணிந்த முதிய பெண் வௌவால். வலச்சிறகின் ஓரம் கிழிந்திருந்தது. சிறகு மருத்துவத்துக்காக முதல்நாள் முழுவதும் பிரித்து வைத்திருந்தார்களாம். உணவு வைத்தும் தொடவில்லை. மூன்று நாள் தொடர்ந்து உண்ணாவிடில் இவ்வுயிர் இறந்துவிடும். அது தட்டத்தை நாடவில்லை. சுவரைப் பற்றி ஏறி, கூட்டத்தினருகே தொங்கியது.

நெடுநேரம் எதுவும் நிகழவில்லை. எப்போதும் நடப்பதன்று, எதிர்பார்க்க வேண்டாம் என்று நிரஞ்சனா மெல்லச் சொன்னாள். பின்னர் உண்டு மீண்ட ஒன்று, நீல வளையம் அணிந்தது, பக்கவாட்டாய் நகர்ந்து மஞ்சள் வளையத்தினருகே வந்தது. முகத்தோடு முகம் வைத்தது. தான் உண்டதைக் கக்கி வாய்க்குள் கொண்டுவந்தது. முதியது அதன் உதட்டை நக்கியது. நக்கி நக்கி உண்டது. அறையே அதனால் நிறைந்ததுபோல் இருந்தது. ஓசையோ சிறிதும் இல்லை.

"சகோதரியளோ?" என்று தவராசா கேட்டார்.

"இல்லை, அண்ணை. நீலம் வேறை இடத்திலையிருந்து வந்தது. இஞ்சை வந்துதான் பழக்கம்."

அவர் நெற்றியைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. இக்காட்சியை எடுத்து எம்மவர் கதைக்கு உவமையாக்க என் பேனை இசையாது. வௌவால் எமக்கு நல்லொழுக்கம் புகட்டப் பிறந்ததன்று. அது தன் பசிக்கும் தன் தோழமைக்கும் வாழ்கிறது. நான் கண்டது ஒன்றே: உண்பதற்கும் ஊட்டப்படுவதற்கும் அவ்வுயிருக்கு உரிய வினை ஒன்றுதான். நான் முப்பது ஆண்டு மறைத்து வைத்த வினை.

பிற்பகல் 3.35

மேசையில் தாள் கிடந்தது. முதலில் நான் கையொப்பமிட்டேன். 'உறிஞ்சும்' என்பதன்மேல் கோடிழுத்து 'நக்கும்' என்று எழுதி, பக்கத்தில் என் முதலெழுத்துகளை இட்டேன். தவராசா நின்றபடியே மூன்று முறை வாசித்தார். நிரஞ்சனா அவர் முகத்தையும் சுவர்க்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய ஐந்தாண்டு அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் கிடந்தது.

"நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார் இறுதியில். "மன்றத்தின்ரை பேரைப் பலகையிலை போடாதேங்கோ. நான் சனத்தோடை கதைக்கோணும். அது லேசில்லை. பேருக்கு விட்ட மூலை சும்மா கிடக்கட்டும், பேந்து பாப்பம்."

"மூலை சும்மா கிடந்தா என்னெண்டு கேப்பினம்" என்றாள் நிரஞ்சனா.

"கேக்கட்டும்."

என் சிவப்புப் பேனையை நீட்டினேன். சிவப்பால் எழுதுவது ரீச்சர்மார் என்று சொல்லித் தன் சட்டைப்பையிலிருந்த நீலப் பேனையால் கையொப்பமிட்டார். இயக்குநர் அம்மையார் தாளை வாங்கிச் செல்கையில் மணி மூன்று ஐம்பது.

சனி, காலை 11.00

இரவோடிரவாக அச்சேறிய பலகை வாயிலில் நின்றது. பிரெஞ்சு பெரிதாக, அது இம்மாகாண வழக்கம். அதன்கீழ் ஆங்கிலமும் தமிழும் ஒரே அளவில். வலப்பக்கக் கீழ் மூலை வெறுமை. பலகைத் திறப்புக்கென்று மன்றம் முன்னரே அனுப்பிய மின்னஞ்சல் கண்டு வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். தவராசாவும் வந்திருந்தார், கூட்டத்தின் பின்னே, சுவரோடு.

ஒருவர் உரக்க வாசித்தார். முதல் ஆறு வரிகளும் அமைதியாய்ச் சென்றன. ஏழாம் வரியில், நான் அஞ்சிய அதே சிரிப்பு. நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் ஓசை மாறாத சிரிப்பு.

"மச்சான், உன்னைப் பற்றியும் எழுதிக் கிடக்கு" என்றார் ஒருவர், பக்கத்தில் நின்றவரின் முதுகில் தட்டி.

"என்னைப் பற்றியெண்டா உன்ரை வீட்டுச் சாப்பாட்டையும் எழுதியிருப்பினம்" என்றார் தட்டுப்பட்டவர்.

மீண்டும் சிரிப்பு. என் காது வெம்மையுற்றது. அசையாமல் நின்றேன். அதிபர் எவரும் வரவில்லை. பின்னர் நிகழ்ந்தது, என் வகுப்பறையில் நிகழ நான் இடமளிக்காதது. மெய்யாகவே நக்குகிறதா என்று பார்க்க எல்லோரும் உள்ளே நெருக்கினர். உறிஞ்சும் என்று எழுதியிருந்தால் உள்ளே எட்டிப் பார்க்க என்ன இருக்கிறது? வாயிலோடு திரும்பியிருப்பர். இப்போது கண்ணாடியின் முன் தோளோடு தோள் நின்று, கண் பழகுமட்டும் காத்து, நாவைத் தேடினர்.

நடுவயதுப் பெண்ணொருத்தி நிரஞ்சனாவின் சீருடையைக் கண்டு தயங்கித் தயங்கி வந்தாள்.

"தங்கச்சி, அந்த நாக்குக்குக் கீழை ஏதோ வாய்க்கால் மாதிரிக் கிடக்கு எண்டு எழுதியிருக்கு. அது எப்பிடி?"

ஐந்தாண்டில் முதல் வினா. நிரஞ்சனா தன் நாவை நீட்டி, விரலால் அதன் இரு ஓரத்தையும் தொட்டுக் காட்டி விளக்கத் தொடங்கினாள். இருபது நிமிடமாகியும் முடியவில்லை. நான் விடைபெற்றுக்கொள்ளச் சென்றபோது ஒரு கையால் என் கையைப் பற்றிக்கொண்டே மறுகையால் வௌவாலின் பெருவிரலைக் காட்டிக்கொண்டிருந்தாள். வேலையில் என்ன செய்கிறீர்கள் என்று யாரோ கேட்டார்கள். வௌவால் பாக்கிறன் என்றாள்.

பிற்பகல் 2.10

பேருந்து நிலையத்துக்குத் தவராசா தன் வாகனத்தில் கொண்டுசென்றார். வழியில் பாரவூர்தித் தொழிலையும் முதுகுவலியையும் பற்றியே பேசினார். நிலைய வாயிலில் என் பையை இறக்கிவைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"ரீச்சர், அப்ப அண்டைக்கு எனக்குப் போட்ட சரி?"

"அதை எடுத்துப்போட்டன்."

"அப்ப நான் பெயிலோ?"

"ரெண்டு பேரும்."

தலையாட்டினார். கடைசி வாங்கில் இருந்தவர் இப்போதுதான் முதன்முறையாகக் கால் ஆட்டாமல் கேட்டதுபோல் தோன்றியது.

ஞாயிறு, ரொறன்ரோ

இங்கே, என் மேசையின் கீழ்த் தட்டில், ஊரிலிருந்து நான் சுமந்து வந்த குறிப்பேடு இருக்கிறது. தடித்த அட்டை, கறையான் ஒரு மூலையைத் தின்றுள்ளது. ஆண்டுதோறும் இதனைப் பார்த்தே சொல்லி எழுதுவித்தேன். எத்தனை பேர் எழுதிக்கொண்டனரோ, அவர்கள் எந்தெந்த நாட்டில் இருக்கின்றனரோ, எண்ணிப் பயனில்லை. தூய தமிழ் என்று நான் பெருமை கொண்ட ஏடு இது. பிறமொழிச் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. ஒரு வாக்கியம் மட்டும் பொய்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். சிவப்புப் பேனையால் 'துளைத்து', 'உறிஞ்சும்' இரண்டையும் ஒரு கோட்டால் வெட்டினேன். மேலே 'சீவி' என்றும் 'நக்கும்' என்றும் எழுதினேன். பழைய சொல்லை மறையும்படி தீட்டவில்லை. கோட்டின் கீழே அது வாசிக்கத்தக்கதாய்க் கிடக்கட்டும். யார் வெட்டினார் என்று கேட்பவர்க்காக, ஓரத்தில் என் முழுப்பெயரையும் இட்டேன்.